மழையில் நனைந்ததால்தானா காய்ச்சல்?

மாணவர்களின் புலனக் குழுக்களில் இப்போது ஒரு வகைக் காணொளி சுற்றி வருகிறது. ஐஸ் கட்டிகள் மிதக்கும் தொட்டிக்குள் ஓர் இளைஞர் கழுத்தளவு இறங்குகிறார். இரண்டு நிமிடம் கழித்து எழுந்து, நோய் எதிர்ப்பாற்றல் பல மடங்கு கூடிவிட்டது என்கிறார். புக்கிட் தெங்காவில் என்னிடம் அறிவியல் படிக்க வரும் படிவம் 5 மாணவர்களில் இருவர், அதைப் பார்த்துவிட்டு மளிகைக் கடையில் ஐஸ் கட்டிப் பைகளை வாங்கி, பெரிய வாளியில் கொட்டிக் குளித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் சிறு வயது முதல் ஆஸ்துமா. எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் நேரத்தில் காய்ச்சல், சளி என்று படுத்துவிடக் கூடாதே என்பதுதான் இருவரின் கவலையும்.

அதே வீடுகளில் பாட்டிமார்கள் வேறு பாடம் நடத்துகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் சளி பிடிக்கும், மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும், ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை கட்டும். ஆக, ஒரே கூரையின் கீழ் குளிர் பேரனுக்கு மருந்து, பாட்டிக்கு நஞ்சு.

இந்த இரண்டு நம்பிக்கைகளையும் நான் கேள்வி கேட்கச் சொல்வேன். குளிரின் தலையில் பழியையோ புகழையோ ஏற்றி வைத்துவிட்டால், நோயின் உண்மையான காரணத்தைத் தேட நாம் மறந்துவிடுகிறோம். நம் ஊரில் அந்த மறதிக்குக் கொடுக்கும் விலை பெரியது.

முதலில் உடல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உயிரியல் பாடத்தில் உடல் வெப்பச் சமநிலை பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இது பழகிய கதைதான். தோலில் உள்ள குளிர் உணர்விகள் மூளையின் ஹைப்போதலமஸுக்குச் சேதி அனுப்புகின்றன. பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் முனைகளிலிருந்து நோர்அட்ரினலின் சுரக்கிறது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வருகிறது. தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தம் உள்ளுறுப்புகளின் பக்கம் திரும்புகிறது. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் குளிர்சாதனத்திற்கு நேர் கீழே அமர்ந்தவருக்கு விரல் விறைத்து எழுத்து கோணலாவது இதனால்தான். உடல் தன் நடுப்பகுதியின் சூட்டைக் காப்பாற்ற விரல்களை விட்டுக்கொடுக்கிறது.

அதுவும் போதாவிட்டால் தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். நடுக்கம் இல்லாமலே சூடு தரும் பழுப்புக் கொழுப்பும் உடலில் இருக்கிறது. நாம் சாதாரணமாகக் கொழுப்பு என்று சொல்லும் வெள்ளைக் கொழுப்பு ஒரு சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்போ ஓர் அடுப்பு. நோர்அட்ரினலின்தான் அந்த அடுப்பைப் பற்றவைக்கும் தீக்குச்சி. இது கைக்குழந்தைகளுக்கு மட்டுமே உரியது, வளர்ந்தவர்களிடம் பெரிதாக இல்லை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். வளர்ந்தவர்களின் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை 2009-இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

தைராய்டு பற்றியும் ஒரு சொல். குளிரில் தைரொக்சின் கூடுகிறது என்று விடைத்தாளில் எழுதுகிறோம், அது தவறில்லை. ஆனால் வளர்ந்த மனிதரின் தைராய்டு சில நிமிடக் குளிருக்கெல்லாம் பெரிதாக அசைவதில்லை. பிறந்த குழந்தையிடம்தான் அந்த விளைவு மிகத் தெளிவாகத் தெரியும். 37 பாகைச் சூட்டிலிருந்து அறைக் காற்றுக்கு வந்த அரை மணி நேரத்தில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் குழந்தையின் இரத்தத்தில் குபீரென ஏறிவிடும். நம் நாட்டில் பிறவித் தைராய்டுக் குறைவைக் கண்டறிய, அந்த ஏற்றம் வருவதற்கு முன்பே எடுக்கப்படும் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். மனிதன் முதன்முதலில் எதிர்கொள்ளும் குளிர், பிரசவ அறையின் குளிர்தான்.

இனி ஐஸ் தொட்டிக்கு வருவோம். நோர்அட்ரினலின் 530 விழுக்காடும் டோப்பமின் 250 விழுக்காடும் கூடுகின்றன என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அந்த எண்கள் பொய்யல்ல. செக் நாட்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் அவை இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்ற சில இளைஞர்கள் 14 பாகை நீரில் தலை மட்டும் வெளியே தெரிய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தின் பலனை இரண்டு நிமிடக் காணொளிக்காரர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார். அதே ஆய்வில், மன அழுத்த ஹார்மோன் என்று பேசப்படும் கார்டிசோல் ஏறவே இல்லை.

14 பாகை என்பது எவ்வளவு குளிர் என்று நம்மவர்களுக்கு ஓர் அளவு வேண்டும். எங்கள் வீட்டு வாளித் தண்ணீரில் காலை 6 மணிக்கு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 27 பாகை காட்டியது. கொடிமலை உச்சியின் அதிகாலைக் காற்றுகூட 14 பாகைக்கு இறங்குவதில்லை. ஆகவே புக்கிட் தெங்காவில் குழாயைத் திறந்து "குளிர் சிகிச்சை" எடுப்பதாக நினைப்பவர், உண்மையில் நன்றாகக் குளிக்கிறார்; அவ்வளவுதான். அதுவும் நல்ல காரியமே. மாலை போட்டுக்கொண்ட ஐயப்ப பக்தர்கள் ஒரு மண்டலம் முழுதும் விடியுமுன் குளிர்ந்த நீரில் குளிக்கிறார்கள். அது விரதம். அதற்கு எந்த ஆய்வுக்கூடத்தின் முத்திரையும் தேவையில்லை.

நோய் குறையுமா என்பதற்கு மிகப் பெரிய சோதனை நெதர்லாந்தில் நடந்தது. 3,018 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் வழக்கம்போலக் குளித்தார்கள். மற்றவர்கள் வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 வினாடிகள் குளிர்நீரைத் திறந்துவிட்டுக்கொண்டார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. குளிர்நீர்க் குழுவினர் உடல்நலக் குறைவால் வேலைக்கு வராத நாள்கள் 29 விழுக்காடு குறைவு. செய்தித் தலைப்புகளும் காணொளிகளும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அடுத்த வரியையும் படியுங்கள். அவர்கள் நோயுற்றிருந்த நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதாவது, சளி வந்தது. ஆனாலும் வேலைக்குப் போனார்கள். 30 வினாடியோ 90 வினாடியோ, அதிலும் வேறுபாடு இல்லை. குளிர்நீரில் நிற்பவருக்குத் தான் நிற்பது தெரியும் என்பதால், மனம் சேர்த்துக்கொண்ட தெம்பு எவ்வளவு, உடல் பெற்றது எவ்வளவு என்று பிரிப்பதும் கடினம். தெம்பு வந்தது நல்லதுதான். அதற்கு நோய் எதிர்ப்பாற்றல் என்று பெயர் சூட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

அந்தச் சொல்லே நம்மைக் குழப்புகிறது. எதிர்ப்பாற்றல் என்றதும் வானொலியின் ஒலியளவைத் திருகுவது போல, கூட்டினால் நன்மை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் அந்த ஆற்றல் வேண்டாத இடத்தில் முறுக்கிக்கொள்வதால் வருபவை. நெதர்லாந்தின் விம் ஹோஃப் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய மூச்சுப் பயிற்சியும் குளிர்ப் பயிற்சியும் பெற்ற 12 பேரையும், பெறாத 12 பேரையும் வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வந்தது. எல்லாருக்கும் நுண்ணுயிரின் நச்சுப்பொருள் சிறிதளவு ஊசி வழியே செலுத்தப்பட்டது. பயிற்சி பெற்றவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் குறைவாக இருந்தன. காரணம், அவர்களின் அட்ரினலின் ஏறி, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அடங்கின. கவனியுங்கள்: அங்கே எதிர்ப்பு கூடவில்லை, தணிந்தது. அட்ரினலின் ஏறியதும் மூச்சுப் பயிற்சியின்போதுதான். அந்த நேரத்தில் யாரும் ஐஸ் தண்ணீரில் இல்லை. 2025-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 11 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,177 பேரையும் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, குளிர்நீரில் மூழ்கிய உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் அழற்சி கூடியிருந்தது. நோய் எதிர்ப்பில் உடனடி மாற்றம் எதுவும் தெரியவில்லை.

பயனைப் பற்றி வாதிடலாம். ஆபத்தைப் பற்றி வாதம் இல்லை. உடல் திடீரென்று மிகக் குளிர்ந்த நீரில் இறங்கினால் முதல் சில வினாடிகளில் நம்மையறியாமல் ஒரு பெருமூச்சை இழுப்போம். பிறகு மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். அந்த முதல் மூச்சின்போது முகம் நீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். நீந்தத் தெரிந்தவர்களே குளிர்நீரில் மூழ்கி இறப்பது இப்படித்தான். ஆஸ்துமா உள்ளவருக்கும் இதயக் கோளாறு உள்ளவருக்கும் இது விளையாட்டே அல்ல. அந்த ஆஸ்துமா மாணவரிடம் நான் நேராகவே சொன்னேன்: தம்பி, உனக்கு வேண்டாம். உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கித் தசை வளர்க்க முயல்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஆஸ்திரேலியாவில் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் 10 பாகை நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது.

வெயில் நாட்டுக்காரர்களான நமக்குக் குளிர் ஒத்தே வராது என்று இதற்குப் பொருளில்லை. எவரெஸ்ட் சிகரத்தில் முதலில் கால் வைத்த மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும், நாள் 23 மே 1997. தமிழகத்தின் குற்றாலீஸ்வரன் 1994-இல் 12 வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். பழகப் பழக, குளிர்நீரின் முதல் அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது. ஆனால் அது நரம்பு பழகுவது. கிருமியை எதிர்க்க வெள்ளணுக்கள் பழகுவது வேறு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

இப்போது பாட்டியின் பக்கம் வருகிறேன். அவர் சொல்வதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. சளிக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: ஜலதோஷம், நீர்க்கோவை. தண்ணீரின் குற்றம் என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஆங்கிலேயனும் சளிக்குக் குளிர் என்றே பெயர் வைத்திருக்கிறான். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946-இல் தொடங்கிய சளி ஆய்வு நிலையத்தில் தொண்டர்களை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்றோட்டமான நடையில் நிற்கவைத்தார்கள். ஈரக் காலுறையோடும் இருக்கவைத்தார்கள். மறுபடி மறுபடி செய்து பார்த்தபோது, நனைந்தவர்களுக்கும் நனையாதவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வைரஸ் இல்லாமல் சளி இல்லை.

ஆனால் 2005-இல் வேல்ஸின் கார்டிப் நகரில் 90 மாணவர்கள் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால் வைத்திருந்தார்கள். வேறு 90 பேர் வெறும் பாத்திரத்தில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாள்களில் சளி என்று சொன்னவர்கள் முதல் குழுவில் 13 பேர், இரண்டாம் குழுவில் 5 பேர். வைரஸ் ஏற்கெனவே மூக்கில் ஒளிந்திருந்தவர்களுக்கு, கால் குளிர்ந்ததும் மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் காவல் தளர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். சளி என்று அவர்கள் வாயால் சொன்னதுதான். வைரஸ் சோதனை செய்யப்படவில்லை. பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், எலியின் மூச்சுக்குழல் அணுக்களில் சளி வைரஸ் 37 பாகையை விட 33 பாகையில் நன்றாகப் பெருகியதைக் கண்டார்கள். குறைந்த சூட்டில் அணுக்களின் எச்சரிக்கை மணி மெதுவாக ஒலிக்கிறது. ஆக, குளிர் திருடனை வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை. உள்ளே நுழைந்தவனுக்கு விளக்கை அணைத்துக் கொடுக்கலாம்; அதுவும் உறுதியில்லை.

அப்படியானால், மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைக்கு அன்றிரவே காய்ச்சல் அடிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அது பொய்யா? பொய்யில்லை. முன்பின் மாறிக் கிடக்கிறது.

நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரிந்த நடுக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் செபராங் பிறை வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் உழைத்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. மலாயாத் தோட்டங்களில் அவர்களை வாரிக்கொண்டு போன நோய்களில் மலேரியாவும் ஒன்று. அதற்குத் தமிழில் குளிர் காய்ச்சல் என்று பெயர். நண்பகல் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு பல் கிட்ட நடுங்கினார்கள். குளிர் வெளியிலிருந்து வரவில்லை. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் இரத்தத்தில் சில பொருள்களை விடுகின்றன. அவை ஹைப்போதலமஸின் வெப்ப அளவுகோலை 37-லிருந்து 39, 40 என்று உயர்த்திவைக்கின்றன. அந்த நொடியில் 37 பாகையில் இருக்கும் உடல், தான் குளிர்ந்து கிடப்பதாக நினைக்கிறது. தோல் சுருங்குகிறது, தசை நடுங்குகிறது, கைகால் சில்லிடுகிறது. குளிரைக் கண்டு ஓடிவரும் அதே நரம்பும் அதே நோர்அட்ரினலினும்தான். அழைத்தது மட்டும் வேறு ஆள். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் கம்பளி கொடுக்கச் சொல்லவில்லை. சதுப்பு நிலத்து நீரை வடிக்கச் சொன்னார். கொசு குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது.

மழைக்கு வாருங்கள். சளி வைரஸ் உடலில் நுழைந்து ஒன்று முதல் மூன்று நாளில் வேலையைக் காட்டும். இன்புளுவென்சாவுக்குப் பெரும்பாலும் இரண்டு நாள். டிங்கிக்கு, கொசு கடித்ததிலிருந்து 4 முதல் 10 நாள். மாலையில் நனைந்தவருக்கு இரவில் காய்ச்சல் என்றால், கிருமி மழைக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. மற்றவர்கள் நனைந்தும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அதிகமாக நடுங்கியதே காய்ச்சலின் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம்.

தேர்வு மாணவர்கள் கிருமிக்கு எளிதில் இடம் கொடுப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் நலமாயிருந்த 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டவிட்டார்கள். 7 மணி நேரத்திற்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4.2 மடங்கு. ஐஸ் வாளிக்காரர்கள் இருவரையும் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு மணி என்றார் ஒருவர். பள்ளிக்கு ஐந்தரைக்கு எழுகிறார். இந்த வட்டாரத்தில் புக்கிட் மின்யாக், ஜூரு தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்துவரும் அப்பாவும் அம்மாவும் தூங்காமல் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, தூக்கம் சோம்பேறிகளின் சொத்து என்று தோன்றிவிடுகிறது. ஐஸ் பைக்குக் கொடுத்த காசு போகட்டும். இழந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தை எந்தத் தொட்டியும் திருப்பித் தராது.

கடைசியாக டிங்கி. என் மாணவர்கள் வீடுகளில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், "மழையில நனைஞ்சிட்டான் சார், அதான் காய்ச்சல், ரெண்டு நாள்ல விட்டுரும்." மழை பெய்து ஓய்ந்த வாரங்களில்தான் பூச்சட்டியிலும் கூரைத் தகரக் காலிலும் கொசு முட்டையிடுகிறது. மழையின் மேல் பழி போட்டுவிட்டால் இரத்தச் சோதனைக்கு யாரும் போவதில்லை. டிங்கியில் மிக ஆபத்தான நேரம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நேரமல்ல. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும் நேரம். அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்கலாம். இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடல் அதே பழைய வழியைக் கையாள்கிறது: நோர்அட்ரினலினை அவிழ்த்துவிட்டுத் தோலின் குழாய்களைச் சுருக்குகிறது. கையும் காலும் சில்லென்று ஆகின்றன. வீட்டில் தொட்டுப் பார்த்து, "சூடு விட்டுருச்சு, உடம்பு குளிர்ந்திருச்சு" என்று நிம்மதியடைகிறார்கள். அது உடல் அதிர்ச்சி நிலைக்குச் சரியும் அடையாளமாக இருக்கக்கூடும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் இரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய நேரம் அது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இதைச் செய்யுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வலிக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரோபெனோ கொடுக்க விடாதீர்கள். இரத்தக் கசிவை அவை கூட்டும். பாராசிட்டமால் மட்டும் போதும், அளவோடு. நீராகாரம் நிறையக் கொடுங்கள். இரண்டாம் நாளும் காய்ச்சல் இருந்தால் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இன்று எத்தனையாவது நாள் என்பதைத்தான்.